ஒரே நீரில் மூவகைப் பவளங்கள்: 230 லிட்டர் தொட்டியின் செய்முறைப் பதிவு

உச்சிப் பாறையில் ஒட்டிய அக்ரோபோராவின் கிளை நுனிகள் வெளுத்த புதுவளர்ச்சியோடு நீள்கின்றன. நடுத்தட்டில் சுத்தியல் பவளத்தின் தலைகள் ஒவ்வொன்றாக இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. மணலோரத்தில் ஜோவாந்திட்கள் பக்கத்துக் கல்லுக்கும் படர்ந்துவிட்டன. கிளைக் கல்பவளம், பெரிய பாலிப் (பவளத்தின் தனித்தனி உயிர்) கொண்ட கல்பவளம், மென்பவளம் ஆகிய மூன்றும் ஒரே நீரில், ஒரே விளக்கின் கீழ், ஒன்றையொன்று கொல்லாமல் வளரும் நிலைக்குத் தொட்டி வந்துவிட்டதால் இதை எழுதலாம் என்று தோன்றியது. இதுபோன்ற கலப்புத் தொட்டியை அமைக்க நினைப்பவருக்கு என் அளவுகளும் கணக்குகளும் உதவும்.

முதலில் தொட்டியின் உண்மையான கொள்ளளவு. காட்சித் தொட்டி 90 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். கண்ணாடி 12 மி.மீ. தடிமன். அதன் கீழே அலமாரிக்குள் 60 செ.மீ. நீளத்தில் ஒரு சம்ப், அதாவது துணைத்தொட்டி. ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), ஹீட்டர், மேலேற்றும் பம்பு மூன்றும் அதில் இருக்கின்றன. வெளி அளவுகளைப் பெருக்கினால் காட்சித் தொட்டி மட்டுமே 247 லிட்டர் என்று வரும். கண்ணாடியின் தடிமன், விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, பாறை, மணல் எல்லாம் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. அதனால் பாறையும் மணலும் வைத்தபின், 20 லிட்டர் கேனால் அளந்து அளந்து ஊற்றினேன். சம்ப் உட்படப் பதினொன்றரைக் கேன், அதாவது 230 லிட்டர் பிடித்தது. அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதுகோலால் பெரிதாக எழுதிவைத்தேன். பின்னால் போடும் ஒவ்வொரு கிராம் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நீருக்கு எதிர்ச் சவ்வூடு வடிகட்டியும், அதன் பின்னால் அயனி நீக்கும் பிசின் குடுவையும். குழாய் நீரில் 180 காட்டிய டிடிஎஸ் மீட்டர் (கரைந்த பொருள்களின் மொத்த அளவைக் காட்டுவது), சவ்வைத் தாண்டியபின் 6 காட்டியது. பிசினைத் தாண்டியபின் 0. அந்தக் கடைசி 6-ஐப் பொருட்படுத்தாமல் விடலாமே என்று தோன்றும். விடக்கூடாது. எந்தப் பொருள் அந்த 6-க்குள் இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. பாஸ்பேட்டாக இருந்தால் பாசி வளரும்; செம்பாக இருந்தால் நத்தையும் இறாலும் பிழைப்பதே கடினம்.

உப்பை லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை போட்டு, 25 டிகிரியில் ஓர் இரவு பம்பு வைத்துச் சுழலவிட்டுக் கலக்குகிறேன். இலக்கு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. இங்கேதான் முதல் சறுக்கல். ஒளிவிலகலை வைத்து உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தூய நீரில் பூச்சியத்துக்குத் திருகிச் சரிசெய்தால் போதும் என்று அதன் உறையில் எழுதியிருந்தது. ஆனால் நாம் படிக்கப்போவது அளவுகோலின் மறுமுனையில். சரிபார்க்க ஒரு கரைசலை நானே தயாரித்தேன்: 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடு, 963.5 கிராம் தூய நீர். இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீருடன் ஒத்துப்போகும். பூச்சியத்தில் சரியாக நின்ற கருவி இதில் 37 காட்டியது. 35 என்று நினைத்த தொட்டி நீர் உண்மையில் 33 அளவில்தான் இருந்தது. பவளம் ஏதும் வைக்காத கட்டம் என்பதால் சேதமில்லை. இப்போது கருவியைத் தூய நீரில் சரிபார்ப்பதே இல்லை; அந்தக் கரைசலை மூடிய புட்டியில் வைத்திருக்கிறேன்.

பாறை 18 கிலோ, முழுக்கக் காய்ந்த பாறை. பின்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மூன்று உயரங்களில் தட்டுகள் வரும்படி சிமென்ட் வகைப் பூச்சால் இணைத்தேன். பாறையைச் சுவரோடு சாய்த்து வைத்தால் அடுக்குவது எளிது. பின்னால் கழிவு தேங்கும், துடைக்கக் கை போகாது. வலது மூலையில் எதையும் தொடாத தனிக்கல் ஒன்றை மணல் நடுவில் வைத்தேன். மணலைத் தாண்டிப் படர முடியாது என்பதால், வேகமாகப் படரும் மென்பவளங்களான பச்சை நட்சத்திர பாலிப்களுக்கும் ஜீனியாவுக்கும் அதுவே தீவு. இந்த இரண்டையும் பெரிய பாறையில் ஒட்டினால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. தொட்டி அமைப்பில் நான் எடுத்த முடிவுகளில் இன்றும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தீவுதான்.

நைட்ரஜன் சுழற்சியைத் தொடங்க அம்மோனியம் குளோரைடு கரைத்து அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கொண்டுவந்தேன். பாட்டிலில் வரும் நுண்ணுயிர்க் கரைசலும் ஊற்றினேன். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, போட்ட 2 பிபிஎம் ஒரே நாளில் தீர்ந்துபோகும்வரை விளக்கே போடவில்லை. இந்தக் காத்திருப்பில் சொல்ல வேறொன்றும் இல்லை.

விளக்கையும் நீரோட்டத்தையும் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலப்புத் தொட்டியில் ஒவ்வொரு பவளத்துக்கும் ஏற்ற இடம் தனித்தனி. எல்இடி விளக்கின் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு அதற்கு உதவாது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவை அதற்கென்றே உள்ள ‘பார்’ (PAR) மீட்டரால்தான் அறிய முடியும். அது விலை கூடிய கருவி. ஒரே ஒரு நாள் வேலைக்காக வாங்கத் தேவையில்லை என்று இரவல் வாங்கினேன். தொட்டியைத் தாளில் வரைந்து, பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மீட்டரின் முனையைப் பிடித்து எண்ணைக் குறித்தேன். உச்சியில் 280, நடுத்தட்டில் 150, மணலின் நடுவில் 90, ஓரங்களில் 60. உச்சியில் கிளைக் கல்பவளங்கள், நடுவில் யூஃபிலியா (சுத்தியல் பவளம் போன்றவை), மணலில் அகான் போன்ற சதைப்பற்றுள்ளவை, நிழலான ஓரங்களில் காளான் பவளங்கள் என்று அந்தத் தாளே முடிவுசெய்துவிட்டது. விளக்கின் கண்ணாடிக்கு நேர் கீழே, நீர்ப்பரப்பை ஒட்டிய ஒரு கட்டத்தில் மட்டும் 450 வந்தது. கண்ணுக்கு அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே தெரிந்தது. அங்கே எதையும் வைக்கவில்லை.

புதுத் துண்டு எது வந்தாலும் முதலில் மணல்மேல் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக மேலேற்றுகிறேன். பவளத் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிக்குத் திடீரென்று கூடிய ஒளி கிடைத்தால் பவளம் அதை வெளியேற்றி வெளுத்துப்போகும். ஒளி குறைந்தால் பழுப்பேறும்; அதைத் திருத்தலாம். வெளுத்ததைத் திருத்துவது கடினம்.

நீரோட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு அலை பம்புகள், மாறி மாறி இயங்கும்படி. அக்ரோபோராவின் கிளைகளுக்கு நடுவே கழிவு தங்காத வேகம் வேண்டும். சுத்தியல் பவளத்தின் சதையோ ஒரே திசையில் நேராக அடிக்கும் நீரில் எலும்பிலிருந்து கிழிந்துவிடும். பம்புகளை உச்சிப் பாறைக்கு மேலே செல்லும்படி சாய்த்து, எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பும் ஓட்டத்தை நடுத்தட்டுக்கு விட்டேன். யூஃபிலியாவின் நுனிகள் மெல்ல ஆடினால் சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் ஓட்டம் அதிகம்.

பவளங்களை வாங்கிய வரிசை: முதலில் மென்பவளம், பிறகு பெரிய பாலிப் வகை, கடைசியில் சிறு பாலிப் கல்பவளங்களான மான்டிபோராவும் அக்ரோபோராவும். எல்லாமே தொட்டியில் வளர்த்துத் தறித்த துண்டுகள். கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. சட்டத்தை விட்டாலும், கடலில் நூறு துன்பங்களோடு போராடும் பாறையிலிருந்து பெயர்த்ததை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. தொட்டியில் பிறந்த துண்டு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியும் இருக்கிறது.

வந்த துண்டைப் பூச்சி நீக்கும் கரைசலில் முக்கி எடுப்பதோடு நிறுத்தக்கூடாது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவும் மான்டிபோராவைத் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தையும் அந்தக் கரைசலில் உதிர்ந்துவிடும். அவற்றின் முட்டைகள் உதிரா. அதனால் துண்டு ஒட்டியிருக்கும் பீங்கான் வில்லையை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டு, என்னிடமுள்ள புது வில்லையில் கூழ் வடிவச் சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டுகிறேன். ஜோவாந்திட்களையும் பாலிதோவாக்களையும் வெட்டும்போது கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு சிலவற்றில் இருக்கிறது. அவை படர்ந்த பாறையைக் கொதிநீரில் போடுவதோ, காய்ந்தபின் தேய்ப்பதோ உயிருக்கே ஆபத்து. நஞ்சு ஆவியோடும் தூசியோடும் நுரையீரலுக்குள் போகும்.

மென்பவளங்கள் நன்றாகத் திறந்திருந்த காலத்தில் நீரும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஸ்கிம்மர் வலுவாக இழுத்தது. இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பாஸ்பேட்டை உறிஞ்சின. மீன்களோ மிகக் குறைவு. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று குறிப்பேட்டில் வரிசையாக எழுதினேன், மகிழ்ச்சியோடு. அதன் பிறகு மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறச் சளி இழைகள் படிந்தன. நுனியில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கும். உறிஞ்சி எடுத்தால் மாலைக்குள் திரும்பும். விளக்கை மூன்று நாள் அணைத்தேன், மறைந்தது, போட்டதும் வந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து இறந்தன.

ஒரு சொட்டை 400 மடங்கு பெருக்கத்தில் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு முனை கூம்பிய துளி வடிவச் செல்கள், ஏதோ ஒரு கயிற்றில் கட்டியதுபோல் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ, ஒருசெல் நுண்ணுயிர். நுண்ணோக்கி இல்லாமல் இதற்கு மருத்துவம் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீரில் மிதக்கும். ஆகவே புற ஊதாக் குழாய் அதைக் கொல்லும். இன்னொரு டைனோவான ஆம்பிடினியம் என்றால் மணலை விட்டு எழாது. அதற்குப் புற ஊதாக் குழாய் வீண்.

பசியோடிருந்த நீரில் மற்றப் பாசிகளும் நுண்ணுயிர்களும் வாழ வழியில்லாதபோது இது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நீருக்கு உணவு தர வேண்டும். இரும்புத் துகள்களை எடுத்துவிட்டேன். நீர் மாற்றுவதையும் நிறுத்தினேன். சோடியம் நைட்ரேட் கரைத்து ஊற்றினேன்: 230 லிட்டரில் நைட்ரேட்டை 1 பிபிஎம் உயர்த்த 0.315 கிராம் போதும். 5 முதல் 10 பிபிஎம்முக்குள் நிலைநிறுத்தினேன். பாஸ்பேட் எளிதில் ஏறவில்லை. மாலையில் 0.05 பிபிஎம் வரும்படி ஊற்றினால் காலையில் 0.01 காட்டும், காய்ந்த பாறையின் கால்சியம் கார்பனேட் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. பாறை நிறையும்வரை தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதனைக்கு மிகக் குறைந்த அளவைக் காட்டும் பாஸ்பரஸ் கலரிமீட்டர் வேண்டும். அது பிபிபி (நூறு கோடியில் பங்கு) கணக்கில் பாஸ்பரஸைச் சொல்லும், 3.07-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். இரவு முழுக்கப் புற ஊதாக் குழாயும் காட்சித் தொட்டியிலிருந்தே நீரை இழுத்து ஓடியது. இழைகள் சில வாரங்களில் மெலிந்தன. அந்த இடத்தில் வந்த பச்சைப் பாசியைக் கண்டதும் எனக்கு நிம்மதியாயிற்று. இப்போது பாஸ்பேட் 0.05 முதல் 0.1-க்குள். பூச்சியம் வந்தால் மீனுக்குத் தீனியைக் கூட்டுகிறேன்.

கிளைக் கல்பவளங்கள் வந்தபின் காரத்தன்மையே முக்கிய வேலையாயிற்று. இலக்கு 8.2 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). கால்சியம் 430 பிபிஎம், மெக்னீசியம் 1,330 பிபிஎம் ஆகியவை பெரிதாக அசையாமல் நின்றதால் காரத்தன்மையையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று வைத்திருந்தேன். ஒரு வாரம் 8.3, அடுத்த வாரம் 6.9. அக்ரோபோரா ஒன்றின் அடிப்பகுதியில் திசு உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. காரணம் தொட்டி நன்றாக இருந்ததுதான். பவளங்கள் வளர வளர எலும்பு கட்டும் பரப்பு கூடுகிறது. காரத்தன்மைக்காக நேற்று ஊற்றிய அளவு இன்றைக்குப் போதாது. ஒரேயடியாக ஏற்றினால் மிஞ்சிய திசுவும் போய்விடும் என்பதால் நாளொன்றுக்குக் கூடுதலாக 0.3 டிகேஎச் வீதம் மெதுவாக ஏற்றினேன். உரிவது நின்றது. வெள்ளையான பகுதியின் மேல் பிறகு திசு மீண்டும் இறங்கி மூடியது.

அன்றிலிருந்து நான் எழுதிவைப்பது ஒரு நாளில் குறையும் அளவை. விளக்கு எரியும்போது எலும்பு வேகமாகக் கட்டப்படுவதால் காலை அளவும் மாலை அளவும் வேறுபடும். ஆகவே தினமும் விளக்கு எரியத் தொடங்கும் அதே நேரத்தில் சோதனை. 1 டிகேஎச் குறையும்போது கூடவே கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் குறைகிறது. 100 லிட்டரில் 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். அந்தக் கால்சியத்தை ஈடுகட்ட 2.6 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். என் தொட்டிக்கு முறையே 6.9 கிராம், 6 கிராம்.

கரைசலாக்கும் விகிதம் இது: ஒரு புட்டியில் லிட்டர் தூய நீருக்கு 80 கிராம் சோடியம் பைகார்பனேட், மற்றொன்றில் லிட்டருக்கு 70 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இந்த விகிதத்தில் இரண்டையும் சம மில்லிலிட்டர் விட்டால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். 1 டிகேஎச்சுக்கு ஒவ்வொன்றிலும் 86 மி.லி. டோசிங் பம்பு அதை நாள் முழுவதும் சிறு சிறு அளவாக விடுகிறது. இரண்டு குழாய்களும் சம்ப்பின் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு நிமிடங்களில் சொட்டும்படி அமைத்திருக்கிறேன். இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் கால்சியம் கார்பனேட் வெண்பொடியாக உறைந்து பம்பில் படியும். பம்பின் ரப்பர் குழாய் தேயத் தேய விடும் அளவு குறைவதால், மாதம் ஒருமுறை அளவுக் குடுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு 0.3 டிகேஎச் குறைந்தது, இப்போது 2.1. அதாவது இரண்டு புட்டிகளிலிருந்தும் தினம் தலா 180 மி.லி.

நீர் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். முதலில் வாங்கிய உப்பு 11.5 டிகேஎச்சில் கலந்தது. 23 லிட்டர் மாற்றினாலே தொட்டி 0.3 துள்ளியது. 8-ஐ ஒட்டிக் கலக்கும் உப்புக்கு மாறியபின் அந்தத் துள்ளல் இல்லை.

பவளங்களுக்குள் நடக்கும் சண்டை தனிக்கதை. டார்ச் பவளம் இரவில் நீளமான கொட்டும் இழைகளை வீசி, பக்கத்திலிருந்த சுத்தியல் பவளத்தின் ஒரு தலையைச் சுட்டுவிட்டது. இரண்டும் யூஃபிலியாக் கூட்டம் என்று பக்கத்தில் வைத்திருந்தேன். சுத்தியலும் தவளைமுட்டைப் பவளமும் தொட்டுக்கொண்டு வாழும். டார்ச் மட்டும் தனி. அதற்கு 15 செ.மீ. விட்டேன், ஓட்டம் போகும் திசையில் இன்னும் கூடுதலாக. தோல் பவளம் தொடாமலே சண்டையிடுகிறது. நீரில் வேதிப்பொருள்களை விட்டுப் பக்கத்துக் கல்பவளங்களை ஒடுக்குகிறது. அவற்றை உறிஞ்சச் செயலூட்டிய கரியைச் சம்ப்பில் ஒரு பையில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். கரி இல்லாமல் கலப்புத் தொட்டியை நான் நடத்தமாட்டேன்.

செலவை நூறு பங்காகப் பிரித்தால் விளக்கு 30, கண்ணாடியும் அலமாரியும் 20, பம்புகளும் ஸ்கிம்மரும் 20, நீர் வடிகட்டி 5, பவளங்கள் 15, சோதனைக் கருவிகளும் மற்றவையும் 10 என்று வருகிறது. அடுத்த முறை விளக்கில் ஐந்து பங்கைக் குறைத்து, அதைச் சோதனைக் கருவிகளில் போடுவேன். ஹீட்டரையும் ஒன்று பெரியதாக வாங்காமல், சிறியதாக இரண்டு வாங்கி வெளியே ஒரு வெப்பக் கட்டுப்படுத்தியோடு இணைப்பேன். ஹீட்டர் பழுதாகும்போது அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதுண்டு. சிறியதால் 230 லிட்டரை விரைவில் வேகவைக்க முடியாது. சம்ப்பை ஒன்றரை மடங்கு பெரியதாக்குவேன். காய்ந்த பாறையோடு, வளர்ந்த தொட்டியிலிருந்து கொஞ்சம் பாறையையும் கேட்டு வாங்குவேன். தொடக்கத்திலேயே பலவகை நுண்ணுயிர்கள் குடியேறினால் டைனோவுக்கு இடம் குறையும்.

இரண்டு புட்டி முறையில் ஒரு குறை: பைகார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் சேர்ந்து பின்னால் சோடியம் குளோரைடை விட்டுச்செல்கின்றன, தினம் 180 மி.லி. என்றானபின் உப்புத்தன்மை மெல்ல ஏறுகிறது. ஆகவே ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுண்ணாம்பு நீர் விடும் ஏற்பாட்டில் இறங்கியிருக்கிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 40 மில்லிசமானம் (காரத்தின் வேதியியல் அலகு) காரம் இருக்கும். தினம் ஆவியாகும் மூன்றரை லிட்டருக்கும் அதையே விட்டால் 1.7 டிகேஎச் கிடைக்கும், மிச்சம் 0.4-ஐப் புட்டிகளிலிருந்து கொடுத்தால் போதும். சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கு மேல் என்பதால், பம்பு நிற்காமல் ஓடினால் தொட்டியே போய்விடும். மட்டம் பார்க்கும் மிதவையை இரண்டாக்கி, நீர்த்தொட்டியைச் சிறியதாக்கி, பம்பை ஒரு நேரக் கட்டுப்படுத்தியோடும் இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு வெறும் தூய நீரை அதில் ஓட்டி, மிதவைகள் சிக்காமல் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்பை லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கி, தினமும் காரத்தன்மையை அளந்து, அதற்கேற்பப் புட்டிகளின் அளவைக் குறைத்துக்கொண்டு வருவேன்.